பித்தானை அமுக்கினால் போதுமா? தோல் மண்டலத்துப் பிள்ளைகளுக்கு வேண்டிய கல்வி

அமிர்தியை வேலூர் வட்டாரத்தில் அறியாதவர் இல்லை. வேலூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர், ஜவ்வாது மலையின் அடிவாரம், 1967ல் சர்க்கார் ஆரம்பித்த சிறிய மிருகக்காட்சிசாலை. ஞாயிற்றுக்கிழமையானால் டவுன்காரர்கள் மான் பார்க்க வருகிறார்கள். மானைச் சுற்றி வாழும் மனிதர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்று பார்க்க எவரும் வருவதில்லை. கூலி வேலை, இரண்டு மாடு, விடியற்காலையில் பெண்களை ஏற்றிச் செல்லும் ஷூ கம்பெனி பஸ் – இவைதான் அந்தக் காட்டோரத்துப் பிழைப்பு.

சென்ற மாதம் விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளைக் கூட்டத்துக்காக நாம் அங்கே போயிருந்தோம். கூட்டம் கலைந்தபின் ஒரு தோழர் தம் இரண்டு கைகளையும் விளக்கடியில் விரித்துக் காட்டினார். பதினைந்து வருஷம் தோல் ஷாப்பில் டிரம்மடியில் நின்ற கைகள். சுண்ணாம்பும் குரோமும் தின்று தீர்த்த கைகள். விரலிடுக்கெல்லாம் வெடிப்பு. அவருடைய மகள் அரசுக் கல்லூரியில் ரசாயனம் இரண்டாம் வருஷம் படிக்கிறாள்.

“டிரம்முலே கொட்டுற பச்சைத் தூள் உடம்புக்குக் கெடுதலா இல்லையா? நீதான் படிக்கிறியேம்மா, பார்த்துச் சொல்லு” என்று கேட்டிருக்கிறார் தகப்பனார். மகள் செல்போனில் தேடியிருக்கிறாள். ஒரு பக்கம், குரோமியம் உடம்புக்கு வேண்டிய தாது, பயப்பட ஒன்றுமில்லை என்றது. இன்னொரு பக்கம், குரோமியம் புற்றுநோய் தரும் விஷம் என்றது. எதை நம்புவது? “ரெண்டு மாதிரியும் போட்டிருக்குப்பா” என்று சொல்லிவிட்டுப் போனைக் கீழே வைத்துவிட்டாள்.

இத்தனைக்கும் அந்தப் பெண் இரண்டு ஆன்லைன் படிப்புகளை முடித்துச் சான்றிதழ் வாங்கியவள். வீடியோவை ஓட விட்டாள், வந்த கேள்விக்கெல்லாம் பித்தானை அமுக்கினாள், தேர்ச்சி என்று வந்தது. ஆனால் பெற்ற தகப்பன் தன் கையை நீட்டிக் கேட்ட கேள்விக்குப் பதில் தேட அவளுக்கு யாரும் கற்றுக் கொடுக்கவில்லை.

குற்றம் அந்தப் பெண்ணுடையதா? இல்லவே இல்லை! அந்தப் படிப்பை வகுத்தவர்களையே நாம் குற்றஞ்சாட்டுகிறோம்.

பெயர் ஒன்று, குணம் இரண்டு

விஷயத்தைக் கொஞ்சம் விளக்கமாகப் பார்ப்போம். குரோமியம் என்று ஒரே பெயரில் சொன்னாலும் அதற்குப் பல வடிவங்கள் உண்டு. டிரம்மில் தோலைப் பதனிடக் கொட்டுவது மூன்றாம் நிலைக் குரோமியம். புற்றுநோய் தருவது என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் தீர்ப்புச் சொல்லியிருப்பது ஆறாம் நிலைக் குரோமியத்தை. அப்படியானால் டிரம்மடியில் நிற்பவனுக்குக் கவலையே இல்லையா? அதுவும் இல்லை. மூன்றாம் நிலைச் சரக்கும் தோலில் அரிப்பையும் ஒவ்வாமையையும் உண்டாக்கக்கூடும். சூடு, காரம், நாட்பட்ட சேமிப்பு போன்ற சில சூழ்நிலைகளில் மூன்றாம் நிலை ஆறாம் நிலையாக மாறவும் கூடும்.

ஆகவே அந்தப் பெண் கண்ட இரண்டு பக்கங்களில் ஒன்று பாதியை மறைத்தது, மற்றது பாதியைச் சொல்லிப் பயமுறுத்தியது. இதைப் பிரித்தறிய, “செல்போனில் வருவதையெல்லாம் நம்பாதே” என்ற பொது உபதேசம் உதவாது. எந்தக் குரோமியம்? எவ்வளவு? காற்றிலா, தண்ணீரிலா, தோலிலா? சொல்பவர் யார்? அளந்தவர் யார்? இப்படிக் கேட்க ரசாயனமும் தெரிந்திருக்க வேண்டும், தகவலைத் தேடிச் சோதிக்கும் வித்தையும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டும் ஒரே வகுப்பில் சேர வேண்டும்.

ஐரோப்பிய சர்க்கார்களுக்கு இது நன்றாகத் தெரியும். 2015 மே 1 முதல் அங்கே சட்டம். உடம்பில் படும் தோல் சாமானில், ஒரு கிலோ தோலுக்கு 3 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் ஆறாம் நிலைக் குரோமியம் இருந்தால் விற்கக் கூடாது. நல்ல சட்டம், நாம் வரவேற்கிறோம். ஆனால் பாரிஸ் நகரத்துக் காலுக்காக மில்லிகிராம் கணக்கில் அளக்கிறார்களே, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டையில் அந்தத் தோலைப் புரட்டும் கைக்கு அளப்பவர் யார்? செருப்போடு போகிற சோதனைச் சீட்டு, செருப்புத் தைத்தவளுக்குக் கிடைக்கிறதா?

தகவல் எழுத்தறிவு

வேண்டிய தகவல் எது என்று அறிந்து, அதைத் தேடி எடுத்து, உண்மையா என்று சோதித்து, நேர்மையாகப் பயன்படுத்தும் இந்த வித்தைக்குத் தகவல் எழுத்தறிவு என்று பெயர். 1990களில் அறிவொளி இயக்கம் வந்தபோது நம் தாய்மார்கள் அரிக்கன் விளக்கடியில் பெயரெழுதக் கற்றார்கள். கைநாட்டு வைத்து ஏமாந்த காலத்துக்கு அது முடிவு கட்ட முயன்றது. இன்றோ எழுதப் படிக்கத் தெரிந்தவனே ஏமாறும் காலம். ஆகவே இது இரண்டாவது எழுத்தறிவு.

அந்தச் சொல் பிறந்த கதை ருசிகரமானது. 1974ல் அமெரிக்காவில் அதை முதன்முதலாகக் கையாண்டவர் பால் ஸுர்கோவ்ஸ்கி. அவர் பள்ளி ஆசிரியர் அல்ல. தகவலை விற்கும் கம்பெனிகளின் சங்கத்துக்குத் தலைவர்! தகவல் சரக்காகிவிட்டது, அந்தச் சரக்கை வேலையில் உபயோகிக்கப் பழகியவர்கள் வேண்டும் என்பது அவருடைய வாதத்தின் சாரம். முதலாளித்துவம் கல்வியைப் பற்றிப் பேசும்போது கல்லாப்பெட்டியின் சத்தமும் கூடவே கேட்கிறது. பிற்பாடு உலகெங்கும் நூலகர்களும் ஆசிரியர்களும் அந்தச் சொல்லைத் தம் கையில் எடுத்துக்கொண்டார்கள். 2005ல் எகிப்தில் கூடி வெளியிட்ட அலெக்ஸாண்டிரியா பிரகடனத்தில், இது ஒவ்வொரு மனிதனுக்கும் உள்ள அடிப்படை உரிமை என்று அறிவித்தார்கள். ஆக, ஒரே சொல்லுக்குள் இரண்டு வர்க்கங்களின் இழுபறி நடக்கிறது. நாம் எந்தப் பக்கம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கோடிகள் எங்கே போகின்றன?

நம் ஆட்சியாளர்கள் என்ன செய்திருக்கிறார்கள்? 2017ல் மத்திய சர்க்கார் ‘ஸ்வயம்’ என்ற ஆன்லைன் படிப்பு மேடையை ஆரம்பித்தது. 2021ல் பல்கலைக்கழக மானியக் குழு, பட்டப் படிப்பின் மதிப்பில் 40 சதவிகிதம் வரை ஆன்லைனிலேயே முடிக்கலாம் என்று விதி செய்தது. 2022 மார்ச் 1 அன்று தமிழக சர்க்கார் ‘நான் முதல்வன்’ திட்டத்தைத் தொடங்கியது. வேலைக்குப் பயிற்சி தேவைதான், அதை நாம் பழிக்கவில்லை. ஆனால் வேலை செய்யப் பழக்குகிறவர்கள், வேலையைப் பற்றிக் கேள்வி கேட்கப் பழக்குகிறார்களா?

2024 நவம்பரில் மத்திய மந்திரிசபை ‘ஒரே நாடு, ஒரே சந்தா’ திட்டத்துக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. 30 பெரிய பிரசுர கம்பெனிகளின் சுமார் 13,000 ஆராய்ச்சிப் பத்திரிகைகளை, சர்க்கார் நிர்வகிக்கும் 6,300 நிறுவனங்களிலுள்ள 1 கோடியே 80 லட்சம் பேர் படிக்கலாம் என்றார்கள். ஏழைக் கல்லூரிக்கும் ஆராய்ச்சிப் பத்திரிகை எட்டுகிறது என்றால் நல்லதே. ஆனால் எல்சேவியர், ஸ்பிரிங்கர் போன்ற அன்னியக் கம்பெனிகளுக்குக் கோடிகள் போய்ச் சேர்வது நிச்சயம். அரசுக் கலைக் கல்லூரியின் இரண்டாம் வருஷ மாணவி அந்தக் கதவைத் திறந்து ஒரு கட்டுரையைத் தேடிப் படித்து முடிப்பது நிச்சயமா? கிணறு வெட்டக் கோடி கொடுத்தவர்கள், கயிறும் வாளியும் வாங்கக் காசில்லை என்கிறார்கள்!

டாக்டர் பட்ட ஆராய்ச்சி செய்வோருக்கு மட்டும், ஆராய்ச்சி ஒழுக்கமும் தகவல் தேடலும் பற்றி 30 மணி நேரப் பாடம் கட்டாயம் என்று 2019ல் மானியக் குழு உத்தரவிட்டது. தேவை இருக்கிறது என்பதை அவர்களே ஒப்புக்கொண்டார்கள் என்று அர்த்தம். ஆனால் உச்சாணிக் கொம்பில் இருப்பவனுக்குத்தான் தண்ணீர், வேரடியில் நிற்பவனுக்கு இல்லை. தோல் ஷாப்புத் தொழிலாளியின் பிள்ளைகளில் எத்தனை பேர் டாக்டர் பட்டம் வரை போகிறார்கள்?

கேரளத்தைப் பாருங்கள். 2022ல் அங்கிருந்த இடது ஜனநாயக முன்னணி சர்க்கார், பொய்ச் செய்தியை இனங்காணும் பயிற்சியை 5,920 பள்ளிகளில் 19 லட்சத்து 72 ஆயிரம் பிள்ளைகளுக்குக் கொடுத்தது. பிறகு அதைப் பாடப் புத்தகத்திலும் சேர்த்தது. அங்கே அன்றாடங்காய்ச்சியின் பிள்ளைக்கும் இது எட்டியது. மனம் இருந்தால் மார்க்கம் உண்டு.

கிணறுகளை எண்ணியவர்கள்

தகவல் என்பது வெறும் காகிதமா? நம் மண்டலத்தின் சரித்திரத்தையே கேளுங்கள். பாலாறும் நிலமும் நாசமானதை எதிர்த்து வேலூர் மக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்தது. அசுத்தம் செய்தவனே நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்ற நீதி இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அதிலே உறுதியாயிற்று. எப்படி வந்தது அந்தத் தீர்ப்பு? மாசுபட்ட நிலம் சுமார் 35,000 ஹெக்டேர் என்ற ஆய்வு கோர்ட்டில் வைக்கப்பட்டது. திண்டுக்கல் பக்கத்தில் 13 கிராமங்களில் 467 கிணறுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, 350 கிணறுகள் கெட்டுவிட்டன என்று எடுத்த கணக்கும் வைக்கப்பட்டது. முதலாளிகளிடம் பணம் இருந்தது, வக்கீல்கள் இருந்தார்கள். ஆனால் கிணற்றுக் கணக்கை மறுக்க முடியவில்லை.

அதோடு முடிந்ததா? 2015 ஜனவரி 31 விடியுமுன், ராணிப்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கி மாண்டார்கள். பெரும்பாலோர் வங்காளத்திலிருந்து கூலிக்கு வந்தவர்கள். அந்தத் தொட்டிக்கு அனுமதி யார் தந்தது, யார் சோதித்தது, அந்தக் காகிதம் எந்த ஆபீஸில் இருக்கிறது என்று முன்னாலேயே கேட்கத் தெரிந்த பத்து வாலிபர்கள் அந்த ஊரில் இருந்திருந்தால்! 2025 ஜனவரி 30ல் சுப்ரீம் கோர்ட் மறுபடியும் தலையிட்டு, பாதிக்கப்பட்டோருக்கு நஷ்டஈட்டைக் கொடு, கண்காணிக்கக் கமிட்டி போடு என்று உத்தரவிட வேண்டியிருந்தது. முதல் தீர்ப்புக்கு 28 வருஷம் கழித்து!

இந்த இரண்டு தீர்ப்புகளும் எவரும் காசில்லாமல் எடுத்துப் படிக்கக்கூடியவை. ஆனால் அவை இங்கிலீஷில் இருக்கின்றன. நம் கல்லூரிகளில் ரசாயனமும் பொருளாதாரமும் படிக்கும் பிள்ளைகள் எத்தனை பேர் அவற்றைக் கண்ணால் பார்த்திருக்கிறார்கள்? சொந்த ஊரின் வழக்கைப் படிக்காமல் பட்டம் வாங்க முடிகிறது என்றால், அந்தப் படிப்பின் லட்சணம் என்ன?

எதிர்வாதங்கள்

“கூலிக்காரன் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு? ஒரு வேலை கிடைத்தால் போதாதா?” என்று சிலர் கேட்கிறார்கள். வேலை கிடைத்த மறுநாளே பிள்ளை எதிலே கையெழுத்துப் போடுகிறான்? அவனுடைய பி.எப். சரியாகக் கட்டப்படுகிறதா? கையாளும் ரசாயனத்தின் பாதுகாப்புக் குறிப்பு எங்கே? இவை வேலைக்கு வெளியே உள்ள கேள்விகளா? போபாலுக்குப் பிறகு 1987ல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தி, அபாயத்தைப் பற்றிய தகவலைக் கேட்டுப் பெறும் உரிமையைத் தொழிலாளிக்குக் கொடுத்தார்கள். 2025 நவம்பர் 21ல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை நடைமுறைக்குக் கொண்டுவந்து, பழைய சட்டங்களின் இடத்தில் வைத்துவிட்டார்கள். பழைய புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு மானேஜரிடம் போகிறவன் வாசலிலேயே தோற்பான். எது இன்று நடப்பில் உள்ள சட்டம் என்று கண்டுபிடிப்பதும் இந்த வித்தையில் ஒரு பாடம்தான்.

“ஏ.ஐ. இயந்திரத்தைக் கேட்டால் நொடியில் பதில் வருகிறதே” என்கிறார்கள் வேறு சிலர். வருகிறது. தெரியாததையும் தெரிந்ததுபோல் சரளமாகச் சொல்கிறது. அந்த இயந்திரம் எதைத் தின்று வளர்ந்தது? உலகத்தார் எழுதி வைத்ததைத் தின்று. ரசாயனம் விற்பவன் எழுதிய பக்கங்கள் ஆயிரம், டிரம்மடியில் நிற்பவன் எழுதிய பக்கம் ஒன்றுமில்லை. உன் ஊர்க் கிணற்றை அளந்து ஒருவரும் எழுதி வைக்கவில்லையென்றால், எந்த இயந்திரம் அதைச் சொல்லும்?

“அப்படியானால் கம்யூனிஸ்டுகள் கம்ப்யூட்டருக்கு விரோதிகளா?” இந்தப் பழைய பல்லவிக்கும் பதில் சொல்லிவிடுகிறோம். பஞ்சாலையின் கதிர் தொழிலாளிக்கு எதிரி அல்ல. அது எவன் கையில், எவன் லாபத்துக்குச் சுற்றுகிறது என்பதே கேள்வி. அமிர்தியிலிருந்து பஸ் ஏறி இறங்கி, மாட்டுக்குத் தீவனம் போட்டுவிட்டு, இரவு ஒன்பது மணிக்குப் பாடம் படிக்கிற பெண்ணுக்கு ஆன்லைன் வகுப்பு பெரிய உதவி. அதனால்தான் அதை ஒழுங்காகச் செய் என்கிறோம்.

நம்மிடமும் குறை உண்டு

சுயவிமர்சனமாக ஒன்று சொல்ல வேண்டும். சில வருஷங்களுக்கு முன் ஒரு ஷாப்பு வாசல் கூட்டத்தில், வாட்ஸப்பில் வந்த ஏற்றுமதிக் கணக்கு ஒன்றை நாமே உரக்கப் படித்தோம். சோதிக்கவில்லை. பேச்சுவார்த்தையில் நிர்வாகத் தரப்பு உண்மைக் கணக்கை மேஜைமேல் போட்டது. நாம் சொன்ன தொகை பல மடங்கு தப்பு. நியாயமான கூலி உயர்வுக் கோரிக்கைகூட அன்று கேலிக்குள்ளாயிற்று. நம்மை நம்பி வெயிலில் நின்ற தோழர்களின் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. நமக்குச் சாதகமான பொய் முதலாளிக்கு நாமே தீட்டிக் கொடுக்கும் கத்தி என்பதை அன்று கற்றோம். ஆகவே இந்தப் பாடம் மாணவர்களுக்கு மட்டுமல்ல, நமக்கும் வேண்டும்.

எப்படிப்பட்ட பாடம்?

குறை சொல்லி ஓய்வது நம் வேலையல்ல. எப்படி அமைக்க வேண்டும் என்றும் சொல்கிறோம்.

பாடம் ஊரின் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கட்டும். ரசாயன மாணவருக்குக் குரோமியமும் கிணற்றுத் தண்ணீரும். பொருளாதார மாணவருக்கு ஏற்றுமதி விலையும் ஜோடிக்குக் கிடைக்கும் கூலியும். வணிகவியல் மாணவருக்குக் கம்பெனியின் ஆண்டறிக்கை. சரித்திர மாணவருக்கு, ஆவாரம்பட்டையில் பதனிட்ட காலத்திலிருந்து குரோமுக்கு மாறிய கதை. எல்லாருக்கும் ஒரே அச்சில் வார்த்த பொதுப்பாடம் ஒருவருக்கும் உதவாது.

இரண்டாவது, தேடும் வழி. தமிழில் எந்தச் சொல்லால், இங்கிலீஷில் எந்தச் சொல்லால் தேடுவது? ஒவ்வொரு ரசாயனத்துக்கும் தனிப் பதிவெண் உண்டு, அதைக் கொண்டு தேடினால் பெயர்க் குழப்பம் தீரும். இணையத்தில் இல்லாததை, தகவல் உரிமைச் சட்டம் 2005ன்படி 10 ரூபாய் கட்டி மனுப்போட்டு எப்படிக் கேட்பது? இதையும் மாணவர் தம் கையால் செய்து பழக வேண்டும்.

மூன்றாவது, சோதிக்கும் வழி. எழுதியவர் யார்? அவருக்குப் பணம் கொடுத்தவர் யார்? எந்த வருஷத்துக் கணக்கு? எப்படி அளந்தார்கள்? வேறொருவர் அளந்தும் அதே விடை வந்ததா? அந்தக் கணக்கால் லாபம் யாருக்கு?

நான்காவது, பரீட்சை. நான்கு விடையில் ஒன்றை அமுக்கும் பரீட்சை வேண்டாம். மாணவர் தாம் கண்டதை ஒரே பக்கத்தில் தெளிந்த தமிழில் எழுதி, ஊர் மந்தையிலோ சங்க ஆபீஸிலோ வாசித்துக் காட்டட்டும். உழைப்பவனுக்குப் புரிந்தால் தேர்ச்சி.

ஐந்தாவது, செய்பவர்கள். பாட ஆசிரியரும் கல்லூரி நூலகரும் ஒன்றாக உட்கார்ந்து செய்ய வேண்டும். ஒருவர் பொருளறிந்தவர், மற்றவர் வழியறிந்தவர். நூலகத்தைப் பூட்டிய அலமாரியாக வைக்காதே என்று உலகத்துக்கே கற்பித்த எஸ். ஆர். ரங்கநாதன் சீர்காழியில் பிறந்த தமிழர். 1931ல் மன்னார்குடியில் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோன நாடு இது. மாட்டு வண்டி போன இடத்துக்கு இணையப் பாடம் போக முடியாதா? சிக்னல் இல்லாத மலையடிவாரத்தில், கல்லூரியிலேயே இறக்கிக்கொண்டு வீட்டில் படிக்கும்படி, பழைய செல்போனிலும் ஓடும்படி அமைத்தால் போகும்.

ஆகவே நாம் கோருகிறோம்:

1. அரசுக் கல்லூரிகளில் பாடவாரியான தகவல் எழுத்தறிவுப் பாடத்தை முதல் வருஷத்திலேயே, தமிழிலும், கட்டணமின்றியும் கொடு!

2. நூலகர் இல்லாத கல்லூரிகளில் உடனே நூலகரை நியமி! நூலகத்தை மாலையிலும் விடுமுறையிலும் திறந்து வை!

3. பாடம் வகுக்கும் கமிட்டியில் ஆசிரியர், நூலகர், மாணவரோடு தொழிற்சங்கப் பிரதிநிதியையும் சேர்!

4. தோல் மண்டலத்தின் தண்ணீர்ச் சோதனை, ரசாயனப் பாதுகாப்புக் குறிப்பு, கோர்ட் தீர்ப்பு அனைத்தையும் தமிழில் வெளியிடு!

தொழிலாளித் தோழர்களே! விவசாயத் தொழிலாளித் தோழர்களே! உங்கள் பிள்ளை கல்லூரியிலிருந்து வந்ததும் எத்தனை மார்க் என்று மட்டும் கேட்காதீர்கள். “நம்ம வேலையைப் பத்தி, நம்ம தண்ணியைப் பத்தி என்ன கண்டுபிடிச்சே? அதை யார் சொன்னது?” என்றும் கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் பிள்ளையைத் திட்டாதீர்கள். பிள்ளையையும் அழைத்துக்கொண்டு கல்லூரி வாசலுக்கு வாருங்கள். இந்தக் கோரிக்கைகளை அங்கே சேர்ந்து எழுப்புவோம்.

அமிர்தித் தோழரின் மகள் இப்போது சும்மா இருக்கவில்லை. தன் கல்லூரி ரசாயன ஆசிரியை ஒருவரைப் பிடித்துக்கொண்டு, இரண்டு குரோமியத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதிவிட்டாள். அடுத்த கிளைக் கூட்டத்தில் அதை அவளே வாசிக்கிறாள். கேட்கப் போகிறவர்களில் முதல் வரிசையில் அந்த வெடித்த கைகள் இருக்கும். சர்க்கார் செய்யத் தவறியதை ஒரு கூலிக்காரன் மகள் ஆரம்பித்துவிட்டாள். அவளைத் தனியே விடோம்!